இதயத்துக்கு வழி கிடைக்கிறது, உடலுக்கு?

2008 செப்டம்பரில் சென்னைச் சாலையில் ஓர் இதயத்துக்காகப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியரின் மகன் ஹிதேந்திரன் இருசக்கர வாகன விபத்தில் சிக்கி மூளைச்சாவு அடைந்தபோது, பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடுக்க முன்வந்தார்கள். காவல்துறை சாலையை ஒழுங்குசெய்து கொடுக்க, அந்த இதயம் 11 நிமிடங்களில் முகப்பேரில் உள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு கொடுப்பது என்பது தமிழ்நாட்டின் டீக்கடை வரைக்கும் பேச்சானது அதன் பிறகுதான்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்கு அருகே நாராயணபுரத்தில், இறந்துபோன ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி சாதி இந்துக்களின் நிலத்தின் ஊடாக இருந்தது. அந்த வழி விடப்படவில்லை. காணொளி பரவிய பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியவர்கள் நாம். உறுப்புக் கொடையைப் பற்றி எழுதும்போது நாராயணபுரத்தை மறந்துவிட்டு எழுத நம்மால் முடியாது. நாராயணபுரம் தரும் கோபத்தில் உறுப்புக் கொடையே வேண்டாம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஏனென்றால் சிறுநீரகம் கெட்டு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் பேருந்து ஏறுபவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். கல்லீரல் கெட்டு வயிறு வீங்கிப் படுத்திருப்பவர்களிலும் இருக்கிறார்கள். கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும்: வாங்கும் வரிசையில் நம் பெயர் இருக்கிறதா?

நெஞ்சு அடிக்குதே?

காலனிகளில் நாங்கள் நடத்தும் கூட்டங்களில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் எழும் கேள்வி இதுதான். மகனை விபத்தில் பறிகொடுத்த ஒரு தாய் கேட்டார்: "ஏம்பா, நெஞ்சு ஏறி எறங்குது, ஒடம்பு சூடா இருக்குது. செத்துட்டான்னு சொல்லிக் கையெழுத்துப் போடச் சொல்றாங்களே, அது எப்படிப்பா?" அந்தக் கேள்வியை அறியாமை என்று யாரும் சொல்லக் கூடாது. கண் முன்னே மூச்சு விடும் பிள்ளையை இறந்துவிட்டான் என்று எந்தத் தாயால் ஒப்புக்கொள்ள முடியும்? அவருக்குப் புரியும்படி பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

மூளையின் அடிப்பகுதியில் மூளைத்தண்டு இருக்கிறது. மூச்சு விடு என்று உடம்புக்குக் கட்டளை போவது அங்கிருந்துதான். தலையில் பலமாக அடிபட்டாலோ, மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்தாலோ மண்டை ஓட்டுக்குள் வீக்கம் ஏற்படுகிறது. வீக்கம் கூடக்கூட மூளைக்குப் போகும் ரத்தம் நின்றுபோகிறது. மூளைத்தண்டு செத்துவிட்டால் மனிதர் தானாக மூச்சு விட முடியாது. அப்போது நெஞ்சை ஏற்றி இறக்குவது வென்டிலேட்டர். இதயத்துக்குத் தன்னளவில் துடிக்கும் திறன் உண்டு; ஆக்சிஜன் கிடைக்கும்வரை அது சில மணி நேரமோ சில நாட்களோ துடித்துக்கொண்டிருக்கும். பிறகு அதுவும் நின்றுவிடும். மூளைத்தண்டு செத்தவர் திரும்பி வருவதில்லை.

கோமா என்பது வேறு. கோமாவில் இருப்பவரின் மூளைத்தண்டு உயிரோடு இருக்கும். அவர் தானாக மூச்சு விடவும் கூடும், ஒரு நாள் எழுந்து உட்காரவும் கூடும். "பக்கத்து ஊர்ல ஒருத்தர் மூணு மாசம் கெடந்து எழுந்திரிச்சு வந்தாரே" என்று சொல்லப்படும் கதைகள் எல்லாம் கோமாவின் கதைகள்.

மூளைச்சாவை ஒரு மருத்துவர் தனியாகத் தீர்மானிக்க முடியாது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நான்கு மருத்துவர்கள் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறது: மருத்துவமனைப் பொறுப்பில் இருப்பவர், தனியாக நியமிக்கப்பட்ட ஒரு நிபுணர், மூளை நரம்பியல் மருத்துவர் அல்லது மூளை அறுவை மருத்துவர், சிகிச்சை அளித்துவந்த மருத்துவர். மூளை நரம்பியல் மருத்துவர் இல்லாத இடத்தில் மயக்க மருத்துவர் போன்றவரை நியமித்துக்கொள்ள 2011ஆம் ஆண்டின் திருத்தம் இடம் கொடுத்தது. உறுப்பை எடுத்துப் பொருத்தப் போகிற குழுவினர் இந்த நால்வரில் இருக்கக் கூடாது.

அவர்கள் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பாப்பா சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். கருவிழியைத் தொட்டால் இமை அசைகிறதா, காதுக்குள் குளிர்ந்த நீர் விட்டால் கண் நகர்கிறதா, தொண்டையைத் தூண்டினால் இருமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியாக, ஆக்சிஜனைக் கொடுத்துக்கொண்டே வென்டிலேட்டரைச் சில நிமிடம் நிறுத்தி, ஒரு மூச்சாவது தானாக வருகிறதா என்று காத்திருந்து பார்ப்பார்கள். குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து இவை எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்ய வேண்டும். இரண்டு முறையும் பதில் இல்லை என்றால்தான் 10ஆம் படிவத்தில் நால்வரும் கையெழுத்திடலாம்.

கையெழுத்துக்கு முன்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நமக்குத் தெரியும். கொத்து வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள். வெள்ளைச் சட்டை போட்டவர் எது சொன்னாலும் "சரிங்க சார்" என்று சொல்லிப் பழக்கப்படுத்தப்பட்டவர்கள். மருத்துவர் நின்றுகொண்டு பேசினால் தாங்கள் உட்காரக் கூடாது என்று எழுந்து நிற்பவர்கள். நம்மைப் பொறுத்தவரை இவர்களின் சம்மதம் சம்மதமாக இருக்க வேண்டுமானால், முதலில் அவர்களுக்கு மறுக்கவும் உரிமை உண்டு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இதை வெட்டிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பு கொடுங்கள் என்று கேட்கப்படும்போது குடும்பம் முடியாது என்று சொல்லலாம். அதற்காக யாரும் கடிந்துகொள்ள முடியாது. இரண்டு சோதனைகளும் எத்தனை மணிக்கு நடந்தன என்று கேட்கலாம். விவரம் தெரிந்த ஒருவரை ஊரிலிருந்து வரவழைத்துப் பேசச் சொல்லலாம். படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லலாம். குடும்பத்தின் சம்மதத்துக்கு 8ஆம் படிவம். இறந்தவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்திடுவது 9ஆம் படிவம். எதுவும் நிரப்பாத வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்கக் கூடாது.

பணத்தைப் பற்றி இரண்டு விஷயம். கொடுக்கச் சம்மதித்த பிறகு உடலைப் பராமரிக்கவும், உறுப்பை எடுக்கவும், கொண்டு போகவும் ஆகும் செலவைக் கொடுத்த குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது என்று 2014ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. அதற்கு முன்பு நடந்த சிகிச்சைக்கான பில் தனி. அந்தப் பில்லைக் காட்டி "உறுப்பைக் கொடுத்தால் கழித்துக்கொள்கிறோம்" என்று யாராவது பேசினால் அது பேரம், சட்டப்படி குற்றம். உறுப்பை வாங்குவதும் விற்பதும் அதற்குத் தரகு பார்ப்பதும் 5 முதல் 10 ஆண்டு வரை சிறைக்கும், 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கும் உரியவை. பில் கட்டவில்லை என்று பிணத்தைப் பிடித்து வைக்கவும் கூடாது. உடலைப் பெற்றுக்கொள்வது நோயாளிகளின் உரிமைகளில் ஒன்று என்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் உரிமைச் சாசனம் சொல்கிறது.

இவை எல்லாம் கற்பனையான அச்சங்கள் இல்லை. 2018இல் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கிச் சேலத்தின் தனியார் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். சிகிச்சைக் கட்டணத்தைக் காரணம் காட்டி உறுப்புகள் எடுக்கப்பட்டன என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். கேரள முதல்வர் தமிழ்நாட்டு முதல்வருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அது போனது. மொழி தெரியாத ஊரில், கையில் காசு இல்லாமல் நிற்கும் குடும்பத்திடம் வாங்கப்படும் கையெழுத்து எவ்வளவு எடை தாங்கும் என்ற கேள்வி அன்று எழுந்தது. இன்றும் அது நிற்கிறது.

விபத்தில் அடிபட்டவுடன் பணத்துக்காக அலைய வேண்டாம் என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும், வகுத்துள்ள வரம்புக்குள் கட்டணமில்லாமல் கிடைக்கும். காப்பீட்டு அட்டை கையில் இல்லை என்றாலும் கிடைக்கும். 108 வண்டி வரும்போதே இதைக் கேளுங்கள். காப்பாற்றுவதற்கான எல்லா முயற்சியும் நடந்த பிறகுதான் கொடையைப் பற்றிய பேச்சு வர வேண்டும்.

விற்றதும் கொடுத்ததும்

உறுப்பு என்றதும் நம் மக்கள் ஏன் ஒரு அடி பின்வாங்குகிறார்கள் என்று புரிந்துகொள்ள, தமிழ்நாட்டின் சிறுநீரக வியாபாரத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டும். சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் 'கிட்னிவாக்கம்' என்று பெயரே வைத்தார்கள். சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007இல் வெளியானது. 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெடித்து, அரசு விசாரணைக் குழு அமைக்க வேண்டி வந்தது. ஊர்கள் மாறின. கடன் மாறவில்லை.

2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து ஆய்வாளர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். அதில் 96 சதவீதம் பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். சராசரியாக அவர்களுக்குக் கிடைத்தது 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது. நான்கில் மூன்று பேர் அப்போதும் கடனிலேயே இருந்தார்கள். 86 சதவீதம் பேர் உடல்நலம் முன்பைவிடக் கெட்டது என்றார்கள். கடனுக்காக உடம்பை அறுத்துக் கொடுத்தவருக்கு, உடம்பும் போனது, கடனும் போகவில்லை.

துரோணர் கேட்டார், ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்தான். அதைக் குருதட்சிணை என்று பாடத்தில் படிக்க வைத்தார்கள். மறுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒருவனிடம் கேட்டு வாங்கியதைக் கொடை என்று நாம் சொல்ல மாட்டோம். கடன்காரனுக்குப் பயந்து விற்றதும் அந்த வகைதான்.

மூளைச்சாவுக்குப் பின் கொடுப்பது இதிலிருந்து வேறுபடுகிறது. கொடுத்தவருக்கு அதனால் எந்த வலியும் இல்லை, எந்த நோயும் வரப்போவதில்லை. பணம் கை மாறுவதில்லை. யாருக்குப் போனது என்று கொடுத்தவர் குடும்பத்துக்கும், யாரிடமிருந்து வந்தது என்று பெற்றவருக்கும் தெரியாமல் வைத்திருக்க வேண்டும். ரத்த வகை, உடலின் பொருத்தம், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் வரிசை ஆகியவைதான் பார்க்கப்படும். பட்டியலில் சாதிக்குக் கட்டமே கிடையாது. நம் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்று சொன்னவரின் மகனுக்குள் நம் வீட்டுப் பிள்ளையின் கல்லீரல் வேலை செய்துகொண்டிருக்கலாம். அவருக்கே அது தெரியாது. மறுபக்கமாகவும் அது நடக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறந்தவரிடமிருந்து கிடைக்கும் உறுப்பு கூடக்கூட, உயிருடன் இருக்கும் ஏழையின் சிறுநீரகத்தைத் தேடி அலையும் தரகனுக்கு வேலை குறையும். 2023இல் இந்தியா முழுவதும் 18,000க்கும் மேற்பட்ட உறுப்பு மாற்றுச் சிகிச்சைகள் நடந்தன. இறந்த பிறகு உறுப்பு கொடுத்தவர்கள் சுமார் 1,100 பேர் மட்டுமே. மீதி உறுப்புகள் பெரும்பாலும் உயிரோடு இருப்பவர்களின் உடலிலிருந்து வந்தவை. அப்படிக் கொடுப்பவர்களில் பெரும்பான்மையோர் மனைவியும் தாயுமாகிய பெண்கள். வாங்குவதிலோ கதை வேறு. 1995 முதல் 2021 வரை நாட்டில் உறுப்பு பெற்ற 36,640 பேரில் 29,000க்கும் மேற்பட்டவர்கள் ஆண்கள். கொடுக்கும் வரிசையில் முன்னால் நிறுத்தப்படுபவர் வாங்கும் வரிசையில் பின்னால் போவது பெண்களுக்கு நடந்திருக்கிறது. நமக்கு மட்டும் நடக்காது என்று எப்படி நம்புவது?

வாங்கும் வரிசை

உறுப்பு தானாக வீடு தேடி வராது. அது கிடைக்க ஒருவர் முதலில் பட்டியலில் இருக்க வேண்டும். உறுப்பு மாற்று உரிமம் உள்ள மருத்துவமனை ஒன்றில் பரிசோதனைகள் முடித்து, அந்த மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பெயரைப் பதிய வேண்டும். ரத்த வகைக்கேற்ப வரிசை நகரும். அழைப்பு வந்தால் உடனே புறப்பட வேண்டும். எடுத்த இதயம் நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் தாங்கும். கல்லீரல் ஏறத்தாழ அரை நாள். சிறுநீரகம் ஒரு நாள் அளவுக்குத் தாங்கும்.

பதிவு செய்ததும் எல்லோருக்கும் ஒரே தூரம்தான் என்று எண்ண வேண்டாம். உறுப்பு மாற்று உரிமம் உள்ள மருத்துவமனையில் ஒருவர் மூளைச்சாவு அடைந்து உறுப்பு கொடுத்தால், அங்கே பதிந்து காத்திருக்கும் நோயாளிகளுக்கு ஒரு பங்கு முதலில் போகிறது. மீதி பொதுப் பட்டியலுக்குப் போகிறது. ஆகவே எந்த மருத்துவமனையில் பதிந்திருக்கிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. நம் மக்கள் விபத்தில் போய்ச் சேரும் இடம் அரசு மருத்துவமனை. அங்கே எடுக்கும் உறுப்பு அங்கேயே பதிந்திருக்கும் ஏழை நோயாளிக்குப் பொருந்த வேண்டுமானால், ஒவ்வொரு மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உறுப்பை எடுக்கவும் பொருத்தவும் தகுதி பெற்றதாக வளர வேண்டும். சென்னை, மதுரை, கோவை, திருச்சி போன்ற நகரங்களின் அரசு மருத்துவமனைகளில் சிறுநீரக மாற்று நடக்கிறது. சென்னை ஸ்டான்லியில் கல்லீரல் மாற்றும் நடந்திருக்கிறது. இந்த வசதி பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பரவ வேண்டும் என்று கேட்பது நம் கோரிக்கை.

பணம் இல்லையே என்பவர்களுக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சையும் இருக்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் அதில் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டையோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் அட்டை கிடைக்கும். மாற்று உறுப்பு பொருத்தியவர் உடல் அதை ஒதுக்கிவிடாமல் இருக்க வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். வெளிக்கடையில் அது விலை அதிகம். அரசு மருத்துவமனையில் பதிந்தவர்கள் அங்கேயே அதைக் கட்டணமில்லாமல் கேட்டு வாங்க வேண்டும்.

ஆனால் வரிசையில் நம் ஆட்கள் நிற்காமல் போவதற்குப் பணம் மட்டுமே காரணம் இல்லை. நோய் தெரிய வருவதே கடைசிக் கட்டத்தில்தான். கால் வீங்கினால் "வெயில்ல நின்ன வீக்கம்" என்று விட்டுவிடுகிறோம். வயல், செங்கல் சூளை, உப்பளம் ஆகிய இடங்களில் தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் வெயிலில் உழைப்பவர்களின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதை மருத்துவர்கள் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆந்திரத்தின் உத்தானம் பகுதியும் இலங்கையின் வடமத்தியப் பகுதியும் சிறுநீரக நோயால் சீரழிந்ததை உலகம் அறியும். நம் பகுதியில் வருடத்துக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொண்டால், மாற்று உறுப்பே தேவைப்படாத நிலையில் பலரைத் தடுத்து நிறுத்தலாம்.

டயாலிசிஸ் வரைக்கும் வந்துவிட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: "மாத்துறதுக்குப் பேரு பதிஞ்சீங்களாண்ணே?" "அதெல்லாம் பெரிய எடத்து ஆளுங்களுக்குத் தம்பி" என்று பதில் வரும். அந்தப் பதிலை உடைக்க வேண்டியதுதான் நம் முதல் வேலை. டயாலிசிஸ் செய்யும் ஒவ்வொரு நம் உறவுக்கும், உறுப்பு மாற்றுக்கு உடம்பு தகுதியா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள் என்று சொல்லுங்கள். கேட்டவர்களின் பெயர்தான் பட்டியலில் ஏறும்.

அரசு மரியாதை எந்தத் தெரு வழியாக?

2023 செப்டம்பர் 23 அன்று, உறுப்பு கொடுத்து இறந்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அதன் பிறகு ஆட்சியரோ கோட்டாட்சியரோ வீட்டுக்கு வந்து மாலை வைத்து வணங்குவதைச் செய்தித்தாள்களில் பார்க்கிறோம். அடுத்த ஆண்டான 2024இல் மட்டும் தமிழ்நாட்டில் 268 பேரின் உறுப்புகள் அவர்கள் இறந்த பிறகு கொடுக்கப்பட்டன. நல்ல மாற்றம். நம் காலனி வீட்டின் குறுகலான சந்துக்குள் ஆட்சியர் வாகனம் வர முடியாமல் அவர் இறங்கி நடந்து வருவதும், நம் பிள்ளையின் காலடியில் நின்று கும்பிடுவதும் சாதாரண விஷயம் அல்ல.

அந்த மரியாதை முடிந்து ஆட்சியர் கிளம்பிய பின் பாடை எந்தத் தெரு வழியாகப் போகும்? அந்த ஊரில் சுடுகாட்டுக்குப் போகும் வழி ஊர்த்தெருவுக்குள் இருந்தால்? மழைக்காலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் வாய்க்காலைக் கடந்து பிணத்தைத் தூக்கிப் போகும் ஊர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கின்றன. நான்கைந்து பேருக்கு உயிர் கொடுத்தவனுடைய உடல் வாய்க்காலில் இறங்கித்தான் போக வேண்டும் என்றால், வைத்த மாலைக்கு என்ன பொருள்?

ஆகவே நாங்கள் மாவட்ட நிர்வாகத்திடம் வைக்கும் கோரிக்கை எளிது. அரசு மரியாதை வீட்டு வாசலோடு முடியக் கூடாது. அடக்கம் நடக்கும் இடம் வரைக்கும் போக வேண்டும். உறுப்பு கொடுத்தவரின் இறுதி ஊர்வலம் பொதுத் தெரு வழியாகவே போகும் என்று வருவாய்த்துறையும் காவல்துறையும் உறுதி செய்ய வேண்டும். ஒரு முறை அப்படிப் போய்விட்டால் அடுத்த முறை சாதாரணமாக இறந்தவரின் ஊர்வலத்தையும் அதே தெருவில் தடுப்பது கடினம். சாதி வேறுபாடு இல்லாத மயானம் உள்ள ஊர்களுக்கு அரசு ஊக்கத்தொகை அறிவித்திருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களின் கிராமசபைகளில் பொது மயானத்துக்கும் மயானப் பாதைக்கும் தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்தான நகலைக் கேட்டு வாங்குங்கள்.

குடும்பங்கள் கேட்கும் வேறு சில சந்தேகங்களையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். உறுப்பு எடுத்த பிறகு உடலைத் தைத்து, துணி சுற்றி ஒழுங்காகத் தருவார்கள், முகம் சிதையாது. புதைக்கலாம், எரிக்கலாம், நம் வழக்கப்படி எல்லாச் சடங்கும் செய்யலாம். விபத்து என்றால் எப்படியும் பிரேதப் பரிசோதனை உண்டு; அதையும் உறுப்பு எடுப்பதையும் ஒருங்கிணைத்துச் செய்ய ஏற்பாடு உண்டு. உறுப்பு கொடுத்ததால் விபத்து இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது.

மாணவர்களுக்கு

மூளைச்சாவு என்பது எல்லோருக்கும் நேர்வதில்லை. மருத்துவமனையில் வென்டிலேட்டரில் இருக்கும்போது மூளை செத்தவரிடமிருந்து மட்டுமே இதயம், கல்லீரல், சிறுநீரகம் போன்றவற்றை எடுக்க இயலும். அப்படி ஒருவரால் எட்டுப் பேர் வரைக்கும் பிழைக்கலாம். கண்ணின் நிலை வேறு. வீட்டில் வயதாகி இறந்தவரும் கொடுக்கலாம். கண்ணாடி போட்டவரும், சர்க்கரை உள்ளவரும் கொடுக்கலாம். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும். கண் வங்கியிலிருந்து வருபவர்கள் வீட்டிலேயே கால் மணி நேரம் அல்லது அரை மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். அவர்கள் வரும்வரை செய்ய வேண்டியவை மூன்று: இறந்தவரின் இமைகளை மூடி மேலே ஈரப் பஞ்சை வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்துங்கள். எங்கே தகவல் சொல்வது என்று தெரியவில்லை என்றால் அரசின் 104 எண்ணில் கேளுங்கள்.

தோலும் கொடுக்கலாம். தீக்காயத்தில் வெந்தவரின் உடம்பை மூட, சொந்தத் தோல் வளரும்வரை தற்காலிகப் போர்வையாக அது பயன்படுகிறது. பட்டாசு ஆலைகளில் வெந்துபோகிற உடல்கள் யாருடையவை என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேலை கேட்கிறோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் 7ஆம் படிவத்தில் கையெழுத்திட்டு உறுப்புக் கொடை உறுதிமொழி அட்டை வாங்கியிருப்பீர்கள். அந்த அட்டை பர்ஸுக்குள் கிடந்தால் பயனில்லை. நாளை ஒன்று நேர்ந்தால் கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் அம்மா. அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மூளைச்சாவு என்றால் என்ன என்று சொல்லுங்கள். பேசும்போது "எனக்கு ஏதாவது ஆனால்" என்று தொடங்கினால் அவர் வாயைப் பொத்துவார். "யாருக்காவது இப்படி வந்தால் நாம என்ன செய்யலாம்மா?" என்று கேட்டுத் தொடங்குங்கள்.

அதோடு உங்கள் தெருவில் டயாலிசிஸ் செய்யும் ஒருவரை அடுத்த வாரம் நேரில் போய்ப் பாருங்கள். அவருடைய காப்பீட்டு அட்டை செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். உறுப்பு மாற்றுப் பட்டியலில் பதிவு செய்ய மருத்துவமனையில் என்னென்ன சோதனை கேட்கிறார்கள் என்று விசாரித்து, ஒரு நாள் கூடவே போய் வாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது மாதிரி.

கொடுப்பதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. நம் உழைப்பையும் வியர்வையையும் கேட்காமலே எடுத்துக்கொண்ட சமூகம் இது. இனி நாம் கொடுப்பது தெரிந்து, விரும்பி, நிமிர்ந்து நின்று கொடுப்பதாக இருக்கட்டும். கொடுக்கும் வரிசையில் ஒரு கையெழுத்துப் போடும்போது, வாங்கும் வரிசையில் நம் ஊர்க்காரர் ஒருவருடைய பெயரையும் எழுத வைப்போம்.